வழியில் இருக்கிற வீடு

நாவலடியிலிருந்து அலை கொண்டுபோன தன் மகளின் வீடு வாவியின் அடியில் நடந்து வருகிறது என்பதை மங்கையற்கரசி புளியந்தீவுச் சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது கேள்விப்பட்டாள். 2005ஆம் ஆண்டு, பங்குனி மாதம். கடல்மீனை யாரும் தொடவில்லை. அதனால் வாவிமீன் விலை ஏறியிருந்தது. சொன்னவர் வலைகாரர் அழகரத்தினம். முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம், ஆழமான இடத்தில், ஓட்டுக்கூரை போட்ட வீடொன்று தெற்கே பார்த்து நிற்கிறது, நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்பதில்லை, வலை போட இடைஞ்சல் என்றார். ஜன்னல் என்ன நிறம் என்று அவள் கேட்டாள். பச்சை, ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை என்றார் அவர். அது அவளுடைய கணவர் வினாயகமூர்த்தி பூசிய நிறம். அவள் வெட்டிய மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீடு என்றால் வாடகை வீடு. கோட்டைக்குப் பின்தெருவில், எமல்டா நோனாவின் மேல்மாடி. இரண்டு அறை, ஒரு குசினி, வாவியைப் பார்த்த ஒரு ஜன்னல், ஏறும்போது முனகும் பலகைப் படி. மங்கையற்கரசி வாடகைக்கு வருவாள் என்று அவளுடைய சாதகத்தில் யாரும் எழுதவில்லை. மட்டக்களப்பில் வீடு பெண்ணின் சொத்து. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவான். வீடில்லாத பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். வினாயகமூர்த்தி மேசன். ஊருக்கு மதில் கட்டிய நேரம் போக மிஞ்சிய நேரத்தில் தன் வீட்டைக் கட்டினார். கூரை ஏறிய வருடம் செத்துப்போனார். 2004 ஆவணியில் மூத்தவள் வதனிக்குக் கலியாணம். வீடு அவள் பேருக்கு எழுதப்பட்டது. தாயும் இளையவள் விதுர்ஷாவும் அதே வளவின் மூலையில் ஒரு கிடுகுக் கொட்டிலுக்கு மாறினார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, ஊரில் தாய்மார் எல்லோரும் அப்படித்தான் மாறினார்கள். இளையவளுக்கும் ஒரு வீடு கட்ட வேண்டும், அதுதான் மிச்சம்.

மார்கழியில் அலை வந்தது. தாயும் இளையவளும் அன்று மண்டூரில் ஒரு சாவீட்டில் இருந்தார்கள். மருமகனின் உடல் கல்லடிப் பாலத்தடியில் கிடைத்தது. வதனி கிடைக்கவில்லை. மற்ற வளவுகளில் அத்திவாரமாவது மிஞ்சியிருந்தது. இவர்களுடைய வளவில் ஒரு செங்கல் துண்டுகூட இல்லை. அத்திவாரம் இருந்த இடத்தில், ஓரம் சிதையாமல், பல் பிடுங்கியதுபோல் ஒரு நீளச் சதுரக் குழி. அதைப் பார்த்துவிட்டு வந்த மங்கையற்கரசி இனிமேல் தண்ணீரைக் கடப்பதில்லை என்று முடிவெடுத்தாள். பாலம் ஏறாமல் எல்லா இடத்துக்கும் நடந்து போகக்கூடிய ஒரு வீடு வேண்டும் என்று அகதி முகாமில் கண்டவர் எல்லோரிடமும் கேட்டாள். அப்படி ஒரே இடம்தான் இருந்தது. புளியந்தீவில் ஆஸ்பத்திரி, சந்தை, அரச அலுவலகமான கச்சேரி, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் ஒல்லாந்தர் காலத்து ஒடுங்கிய தெருக்களுக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் அது தீவு. கண்ணை மூடி, விதுர்ஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒருமுறை பாலம் கடந்தாள். பிறகு கடக்கவில்லை.

வெள்ளை வாகனங்களில் வந்திறங்கிய நிவாரணக்காரர்கள் நல்ல வீடுகளை எல்லாம் எடுத்திருந்தார்கள். கதவைத் தட்டிய இடங்களில் எங்கே வேலை, எத்தனை பேர், பிணை நிற்க யார் என்று கேட்டார்கள். எமல்டா நோனா பறங்கிக் குடும்பத்து விதவை, பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில். படியடியில் ஒரே பையோடு நின்ற இருவரையும் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். சோறு போட்ட பிறகு, "ஜன்னல் தண்ணியப் பாத்துத்தான் கிடக்கு. உங்களுக்குச் சரிவருமா? எங்கட ஆக்களும் டச்சுபாரில அலையில அள்ளுப்பட்டவங்கதான். நான் ஜன்னல அடைக்கல்ல," என்றாள். விதுர்ஷா பெரிய தெருவில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் நடந்து போனாள், மத்தியானம் சோற்றுக்கு நடந்து வந்தாள். அந்தத் தெருக்கள் அவளுக்குப் பிடித்துப்போயின. அதை அவள் தாயிடம் சொல்லவில்லை.

வீடு மெதுவாக நடந்தது. கர்ப்பிணி நடப்பதுபோல் என்றார் அழகரத்தினம். கொஞ்சம் நடக்கும், நிற்கும், மறுபடி நடக்கும். வலைகாரர்கள் அதைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள். கூரையில் பாசி பிடிக்கவில்லை, கதவு பூட்டியிருந்தது, குசினிப் பக்கம் சில நாட்களில் தண்ணீர் சுடுவதாகச் சொன்னார்கள். மங்கையற்கரசி ஒவ்வொரு காலையும் சந்தையில் அது எங்கே நிற்கிறது என்று விசாரித்தாள். மீன் வாங்காத நாட்களிலும் விசாரித்தாள். அது விதுர்ஷாவுக்காக வருகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அடுத்த வருடம் திராய்மடுவில் சுனாமி வீட்டுத் திட்டம் முடிந்தது. அதில் ஒரு வீட்டுக்கு இவர்களுடைய பேரைப் பதியக் கிராமசேவகர் படியேறி வந்தார். நல்ல மனிதர், தேத்தண்ணி குடித்தார், பேனையைத் திறந்தார்.

"வீடு முழுச் சேதமா, பகுதிச் சேதமாம்மா?"

"சேதமில்ல தம்பி. வருது."

"இப்ப எவடத்தில?"

"டச்சுபார் தாண்டிட்டாம்."

அவரும் கேள்விப்பட்டிருந்தார். படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். "இதுல முழுச் சேதம், பகுதிச் சேதம் ரெண்டும்தான் கிடக்கு. வழியில இருக்கெண்டு போட இடமில்லையேம்மா."

"அப்ப போடாதீங்க."

விதுர்ஷா வேலையால் வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். கீழே தையல் மெசினில் இருந்த எமல்டா நோனா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "கையில வந்த வீட்ட உன்ட அம்மா அனுப்பிப்போட்டா புள்ள. காலால வாற வீட்டத்தான் பாத்துக்கொண்டிருக்கா." திராய்மடு வீடு பட்டியலில் அடுத்து நின்ற குடும்பத்துக்குப் போனது.

நிதுர்ஷன் கணக்கு வாத்தியார். தாயின் பிறசர் குளிசைக்குப் பாமசிக்கு வந்தவன் பிறகு தலையிடிக்கும், பிறகு ஒன்றுமில்லாததற்கும் வந்தான். அவனுடைய தாய் அன்னப்பூரணி ஒரு வெள்ளிக்கிழமை படியேறி வந்து, கதிரையில் உட்கார்ந்து, கூரையையும் சுவரையும் பார்த்தாள்.

"புள்ளையில நான் ஒரு குறையும் சொல்லல்லகா. ஆனா என்ட மகன் பெட்டியத் தூக்கிக்கொண்டு எங்க வாற? நோனாட மேல்மாடிக்கா? ஊர் சிரிக்கும்."

"வீடு வருதுகா."

"ஓம், கேள்விப்பட்டன். எப்ப வந்து சேரும்?"

மங்கையற்கரசி ஜன்னலைப் பார்த்தாள். "வாற ஆவணிக்குள்ள."

அன்னப்பூரணி நியாயமான மனுசி. ஒரு ஆவணி காத்திருந்தாள். அந்த வருடம் வீடு கல்லடிப் பாலத்தின் கீழ் வந்து உட்கார்ந்துவிட்டது. சண்டை மறுபடி தொடங்கியிருந்தது; நகரத்திலிருந்து ஆமி வாவியின் அக்கரைக்கு, படுவான்கரைக்கு, பீரங்கிச் செல் அடித்தது. வாவிக்கு மேலால் அது கூவிக்கொண்டு போகும்; ஓசை அடங்கும்வரை மேல்மாடி ஜன்னல் நடுங்கும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனங்கள் தோணிகளில் அள்ளுண்டு வந்தார்கள். சில தோணிகள் வந்து சேரவில்லை. பாலத்துக் காவலில் நின்ற ஆமிக்காரன் தண்ணீருக்குள் கூரையைக் கண்டு, அது யாருடைய வீடு என்று அழகரத்தினத்தை மறித்துக் கேட்டான். சீதன வீடு என்றார் அவர். உள்ளே யார் என்று கேட்டான். பெண்ணும் மாப்பிள்ளையும் இருப்பார்களாக்கும் என்றார். அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அதை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் அவன் விட்டுவிட்டான். அந்த நாட்களில் வீட்டின் கதவு திறந்து மூடுவதைக் கண்டதாக வலைகாரர்கள் சொன்னார்கள். அதைக் கேட்ட மங்கையற்கரசி, மகள் வாசல் கூட்டுகிறாள் என்று நினைத்தாள்.

2007 ஆவணியில் நிதுர்ஷனுக்கு வேறு இடத்தில் கலியாணம் நடந்தது. பெண்ணுக்குத் திராய்மடுவில் வீடு இருந்தது. மங்கையற்கரசி கையெழுத்து வைக்காமல் விட்ட வீடு அது. அவன் தன் உடுப்புப் பெட்டியோடு அங்கே போனான். இதை விதுர்ஷாவுக்கு அவனே சொன்னான், குளிசை வாங்க வந்தபோது. அவள் மிச்சக்காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, கடை சாத்தும்வரை வேலை செய்துவிட்டு, நடந்து வந்து, கால் கழுவி, படியேறினாள்.

"எனக்கு வந்த வீட்ட அக்காட வீட்டுக்காக விட்டீங்கம்மா."

"அது உனக்குத்தான் மனே வருது."

"அக்காட பேர்ல எழுதின வீடு எனக்கெண்டு எப்பிடி வரும்? எழுதிக் குடுத்தது நீங்கதானே."

மகளுக்குக் கொடுத்த வீட்டில் தாய்க்குப் பேச்சில்லை என்பது அந்தச் சீமையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மங்கையற்கரசிக்கும் தெரியும். ஆனாலும் வதனி தங்கையை நடுத்தெருவில் விடுகிறவள் அல்ல, கேட்டால் கொடுப்பாள். கேட்பதற்கு வீடு கிட்ட வர வேண்டும். அன்றிலிருந்து தாயும் மகளும் தேவைக்கு மட்டும் பேசினார்கள். விதுர்ஷாவைப் பெண்பார்க்க வேறு யாரும் வரவில்லை.

அடுத்த வருடம் வீடு எழுந்து நடந்தது. கோட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தபோது ஜன்னலிலிருந்தே தெரிந்தது: தண்ணீருக்கு அடியில் ஒரு சிவப்பு, பகலில் மங்கியும் பின்னேரத்தில் கொஞ்சம் தெளிந்தும். அதன் நடை இன்னும் பாரமாகியிருந்தது. மங்கையற்கரசி வதனியிடம் சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தங்கச்சிக்கு வயது போகுது மனே. உனக்கு இனி வீடு எதுக்கு. இரண்டாவது வசனத்தை மாற்றி மாற்றிக் கட்டினாள்.

2009 வைகாசியில் சண்டை முடிந்தது என்று வானொலி சொன்னது. நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். கடைகளில் கொடி கட்டச் சொன்னார்கள். எமல்டா நோனா கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த நாள் விடிந்தபோது வீடு தெருமுனைத் தோணித்துறையில், கரையிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில், வாசலைத் தெருப்பக்கம் திருப்பி நின்றது. தண்ணீர் கூரை முகட்டுக்கு மேல் ஒரு சாண் உயரம். மங்கையற்கரசி முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். நான்கு வருடமாகத் தண்ணீருக்குக் கிட்டப் போகாதவள் முழங்கால் நனைய நின்று குனிந்து பார்த்தாள்.

வீடு நிறைய ஆட்கள். விறாந்தையில், மண்டபத்தில், மாப்பிள்ளைக்கென்று பூசிய அறையில், காலை நீட்ட இடமில்லாமல் இருந்தார்கள். தோணி கவிழ்ந்து போன படுவான்கரைச் சனங்களில் சிலரை அவளுக்கு முகத்தெரிவு இருந்தது. மற்றவர்கள் வடக்கில் கடைசிச் சண்டை நடந்த கரையிலிருந்து வந்தவர்கள். உரப்பை மூட்டைகளும், கூறைச் சேலையில் தைத்த மண்மூடைகளும் வைத்திருந்தார்கள். அந்த மண்மூடைகள் பதுங்குகுழியைச் சுற்றி அடுக்கியவை என்று அன்றைக்கு நகரத்தில் யாருக்கும் தெரியாது. அவர்களைப் பற்றிய செய்தி வந்து சேரப் பல மாதம் எடுத்தது. ஒரு கிழவர் சுவரில் சாய்ந்தபடி ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார், திரும்பத் திரும்ப. வழி நெடுக ஆட்களை ஏற்றியதால்தான் வீடு பிந்தியது என்பது மங்கையற்கரசிக்கு அப்போது விளங்கியது.

வதனி குசினியிலிருந்து வாசலுக்கு வந்தாள். கலியாணத்துக்கு வாங்கிய அதே சட்டை. கையில் அகப்பை. வீட்டுக்காரியின் களைப்பு முகத்தில் இருந்தது. தாயைக் கண்டதும் அவள் அழவில்லை; ஒதுங்கி நின்று உள்ளே காட்டினாள், இடமில்லை என்பதுபோல், மன்னிப்புக் கேட்பதுபோல்.

மங்கையற்கரசி கட்டி வைத்திருந்த வசனங்கள் எல்லாம் வாய்க்குள் இருந்தன. கரையில் விதுர்ஷா வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. பலகைப் படியடியில் ஒரு பையோடு தான் நின்றதும், பிணை யார் என்று கேட்காத ஒருத்தி முதலில் கேட்ட கேள்வியும் ஞாபகம் வந்தன.

"அரிசி கிடக்கா மனே?" என்று கேட்டாள்.

வதனி இல்லை என்று தலையாட்டினாள்.

மங்கையற்கரசி கரையேறினாள். விதுர்ஷா முன்னால் நடந்து, படியேறி, குசினியிலிருந்த அரிசிப் பையின் ஒரு முனையைப் பிடித்தாள். தாய் மறுமுனையைப் பிடித்தாள். தண்ணீரில் விட்டபோது அது மிதக்கவில்லை, பிரியவில்லை. வதனி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படிப் பக்கம் தண்ணீர் சுடத் தொடங்கியது.

அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறை அரிசி இறக்கினார்கள். சில மாதம் எமல்டா நோனாவும் பருப்புப் போட்டாள். விதுர்ஷா பாமசியில் பொறுப்பாளரானாள். அவள் கலியாணம் முடிக்கவில்லை. எமல்டா நோனா அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது மேல்மாடியை விதுர்ஷா தன் பேரில் வாடகைக்கு எழுதிக்கொண்டாள். தோணிக்காரர்கள் துறையில் கொஞ்சம் தள்ளிக் கட்டப் பழகினார்கள். மாநகரசபை அந்த வீட்டுக்கு இலக்கம் போடவில்லை.

சண்டை முடிந்த பிறகு புளியந்தீவில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். பழைய தெருக்கள், எல்லா இடத்துக்கும் நடந்து போகலாம் என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். போன மழைக்கு முன் ஒரு புருசனும் பெண்சாதியும் தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டு தோணித்துறைக்கு வந்தார்கள். தண்ணீருக்குள் ஓட்டுக்கூரையையும் பச்சை ஜன்னலையும் பார்த்துவிட்டு, அங்கே அரிசி இறக்கிக்கொண்டிருந்த மங்கையற்கரசியிடம் அது யாருடைய வீடு என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என்ட மூத்த மகள்ட."

"குடுப்பாங்களாம்மா?"

"இல்ல மனே," என்றாள் மங்கையற்கரசி. "ஆக்கள் இருக்காங்க."

அவர்கள் நன்றி சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தார்கள்.