அடிக்குரல் நின்றபோது

எங்கள் ஓய்வூதியக்காரர் நடைக்குழுவுக்குத் தலைவி மாநேயோ அக்கா. எங்களையெல்லாம் தேவாலயப் பாடகர் குழுவில் ஆயுள் முழுக்க ஆட்டிவைத்தவர். அவர் அதட்டினால் எதிர்மலையில் மேயும் மாடு மன்னிப்புக் கேட்கும். மலூட்டி மலையில் கோடை நடைக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்: நிழல் காலடிக்கு வந்துவிட்டால் திரும்பிவிட வேண்டும். அதற்குமேல் மலை இடிக்குச் சொந்தம்.

எங்கள் பக்கத்துக் கோடை மாதமான அந்த ஜனவரியில் நிழல் காலடிக்கு வந்தபோது உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பூசணிக்காய் அளவிலிருந்த மேகம், நாங்கள் தண்ணீர் குடிப்பதற்குள் ஒரு மாவட்டத்தையே விழுங்கிவிட்டது.

"இறங்குங்க," என்றார் அக்கா.

"இன்னும் பத்து எட்டுதான் அக்கா," என்றான் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற செக்வாட்டி. கையில் அவன் அப்பாவின் தடி, அடி முதல் நுனி வரை பித்தளைக் கம்பி சுற்றியது. "அப்பா தடிய உச்சியில ஊனணும்னு வந்திருக்கேன்."

"ஊனு. பக்கத்துலயே உன்னையும் புதைச்சிடறோம். கம்பி சுத்தின தடியோட இடிக்கு நிக்கிறியே, மூளைய லாரியிலயே விட்டுட்டியா? போடு கீழ!"

தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் புல்லில் கிடத்தினான்.

முகட்டை விட்டுப் பள்ளத்துக்கு இறங்கினோம். அக்கா எங்களைத் தனித்தனியாகச் சிதறடித்தார். "ஒட்டி உக்காராதீங்க! ஒரே இடி எல்லாரையும் கொண்டுபோயிடும். கால சேத்துவெச்சு பை மேல குந்துங்க." ஒரு தம்பதி கையை விடவில்லை. "கல்யாணம் ஆனதுலேருந்து ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கீங்க? கொஞ்சம் விலகுங்க."

"அதுக்கு ஒரு இடி வரவேண்டியிருந்துச்சு," என்றாள் மனைவி, பரம சந்தோஷமாக.

வாத்து முட்டை அளவில் ஆலங்கட்டி விழுந்தது. தலைவரை இழுத்துக்கொண்ட கம்பளிப் போர்வைக்குள் என் மூக்கே எனக்குத் தெரியவில்லை.

"பாடுங்க! உச்சக்குரல்லேருந்து அடிக்குரல் வரைக்கும் நாலு குரல்லயும்! எந்தக் குரல் நிக்குதோ அவங்களுக்கு என்னவோ ஆச்சுன்னு எனக்குத் தெரியும்."

அறுவடைப் பாட்டை எடுத்தோம். வானம் உடைந்துகொண்டிருந்தது. நான் பாடுகிறேனா, அலறுகிறேனா என்று எனக்கே தெரியாத அந்த இரைச்சலில் அக்கா கத்தினார்:

"அடிக்குரல் ஒண்ணு குறையுது! செக்வாட்டி! தடிய எடுக்கப் போறியா? இன்னொரு அடி வெச்சே, உன் சாவுக்கு நான் பாட மாட்டேன்!"

எங்கள் ஊரில் அக்கா பாடாத சாவு சாவே அல்ல. நாங்கள் விடாமல் பாடினோம். பிறகு, முகட்டுக்குப் பாதி வழியிலிருந்து, நடுங்கிக்கொண்டே அடிக்குரல் எழுந்தது. அவன் அங்கேயே குந்திவிட்டான்.

அடுத்த நொடி முகடு வெள்ளையாக வெடித்தது.

மழை விட்டபின் போய்ப் பார்த்தோம். தடி இரண்டாகப் பிளந்து, பித்தளை உருகிக் கிடந்தது. செக்வாட்டி அதில் ஒரு பாதியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ரெண்டாவது வரியில சுதி விட்டுட்ட," என்றார் அக்கா.

"பயத்துல அக்கா."

"அப்படியே பயந்துக்கிட்டே இரு. அடுத்த வாரம் விடியுறதுக்கு முன்னாடியே கிளம்புறோம்."

அடுத்த வாரம், புல்லில் பனி காயுமுன் உச்சியில் பாதித் தடியை ஊன்றினான். மிச்சமிருந்த கம்பியை வீட்டிலேயே உரித்துப் போட்டுவிட்டு வந்திருந்தான்.