ஐந்து பழப் படம்

நாகிபூலேயின் வீடியோ கொட்டகை வாசலில் கோஞ்சா வாழைப்பழம் சுட்டு விற்கிறவன் நான். பெயர் கபூயே. மதியக் காட்சி முடிந்ததும் ஜனங்கள் என் அடுப்பை எட்டிப் பார்ப்பார்கள். பழம் வாங்க அல்ல. பழம் சுடும் கம்பி வலை ஓரத்தில் நான் எத்தனை பழத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று பார்க்க. ஐந்து பழம் இருந்தால் மாலைக் காட்சிக்குக் கட்டாயம் போ. மூன்று இருந்தால் வேறு வேலை இல்லை என்றால் போ. ஒன்றுதான் இருக்கிறது என்றால் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியோடு சண்டை போடு, அதில் கதை இன்னும் நன்றாக இருக்கும்.

இப்படி மதிப்புப் போடுவதற்காக எனக்கு உள்ளே தனியாக ஒரு இருக்கை உண்டு. நொறுங்கிப்போன காரிலிருந்து கழற்றியது, பஞ்சு வைத்தது. மற்றவர்களுக்கெல்லாம் பெஞ்சு. எனக்கு டிக்கெட்டும் கிடையாது.

என் கணக்கில் ஒளிவுமறைவு இல்லை. சமீபத்தில் வந்த சுறாமீன் படத்துக்கு மூன்று வைத்தேன். மீன் நன்றாக நடித்தது, மனிதர்கள்தான் சரியில்லை. மணப்பெண் கல்யாணத்தன்று ஓடிப்போகிற படத்துக்கு நான்கு. ஓடினவள் கடைசியில் திரும்பி வந்தாள், அதற்காக ஒன்றை எடுத்துவிட்டேன். பேய்ப் படத்துக்கு ஒன்று. விளக்கைப் போடாமல் இருட்டு வீட்டுக்குள் நுழைகிற முட்டாளுக்காக நான் பயப்பட முடியாது.

எதிர்ப் பக்கம் முத்யாபா முடிவெட்டும் கடை போட்ட பிறகுதான் எல்லாம் கெட்டது.

அவனுக்கு இரட்டைப் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் இரட்டை பெற்றவனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், சலோங்கோ என்று மரியாதையாக அழைப்பார்கள். எனக்கு ஏழு பிள்ளைகள், எல்லாம் ஒவ்வொன்றாக வந்தவை, அதற்கு ஒரு பட்டமும் இல்லை. இந்த சலோங்கோ கடைக் கதவில் சாக்கட்டியால் நட்சத்திரம் வரைவான். படத்துக்கு இத்தனை, புத்தகத்துக்கு இத்தனை. பாதி நட்சத்திரம்கூடப் போடுவான். பாதி என்றால் என்ன அர்த்தம்? படம் பாதி நன்றாக இருந்ததா, இவன் பாதி பார்த்தானா?

கொட்டகைக்குள் அவன் கால் வைத்ததே கிடையாது. இங்கிலீஷ் தெரிந்தவன், போனிலேயே பார்த்துவிடுவான். நாலு பேரோடு உட்கார்ந்து பார்க்காதவன் படம் பார்த்தவனே அல்ல என்பது என் கட்சி. ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பயல்கள் ரோட்டைத் தாண்டி அவன் கதவைப் பார்த்துவிட்டு வந்து, பெரியவர் என்று அர்த்தமுள்ள முஸேயைப் போட்டே என்னைச் சீண்ட ஆரம்பித்தார்கள்.

"முஸே, சலோங்கோ மூணரை போட்டிருக்காரு, நீங்க நாலு வச்சிருக்கீங்க. அந்த அரை எங்க போச்சு?"

"அவன்கிட்ட முடி வெட்டினவன் தலையில தேடிப் பாரு. அங்கதான் எல்லாம் அரைகுறையா இருக்கும்."

சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவன் கடைக்கே முடிவெட்டப் போனார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆனால் என் மனைவி நமுத்துவும் அவன் கடைக்குப் போக ஆரம்பித்தாள். அவள் ஏழாவது வரை படித்தவள், நான் மூன்றாவதோடு நிறுத்தினவன். அவனிடமிருந்து ஒரு புத்தகம் வாங்கி வந்து, குழம்பு கொதிக்கக் கொதிக்கப் படித்தாள். அடிபிடித்த வாசனை எனக்கு வந்தது, அவளுக்கு வரவில்லை.

"என்ன கதை?" என்று கேட்டேன்.

"ஒரு விதவை. புருஷனோட தம்பிங்க அவ தோட்டத்தப் பிடுங்கப் பாக்குறாங்க. சலோங்கோ நாலு நட்சத்திரம் போட்டிருக்காரு. முடிவு கொஞ்சம் அவசரமாம். சரியாத்தான் சொல்லியிருக்காரு."

"எத்தனை பழம் கொடுக்கலாம்?"

"புத்தகத்த யாராவது பழத்துல அளப்பாங்களா?"

"நட்சத்திரத்துல அளக்கலாமாக்கும். ஏணி வச்சு ஏறிப் பறிச்சுட்டு வந்தானா?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்குப் பதில் பேச்சு பேசாமல் அவள் இருந்ததில்லை. அன்றைக்கு அந்த விதவைதான் அவளுக்கு முக்கியமாகிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அடுப்படியில் உட்கார்ந்து பிழைக்கிறவனுக்கு நெருப்பு எது, வயிற்றெரிச்சல் எது என்று பிரித்துச் சொல்லத் தெரியும்.

ஒருநாள் நாகிபூலே என்னையும் முத்யாபாவையும் கூப்பிட்டாள். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள் என்றால் முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

"ரெண்டு சேவல் ரெண்டு நேரத்துல கூவினா எப்ப விடிஞ்சதுன்னு எவனுக்கும் தெரியாது. ஒருத்தன் படத்துக்குப் போன்னு சொல்றான், ஒருத்தன் போகாதேங்குறான், ஜனம் பேசாம வீட்டுல படுத்துக்குது. சனிக்கிழமை புதுப் படம் போடுறேன். முடிஞ்சதும் ரெண்டு பேரும் உங்க மதிப்பச் சொல்லுங்க. ஜனம் கை தூக்கட்டும். யாரு சொன்னது சரியோ அவருக்குத்தான் அந்த இருக்கை. இன்னொருத்தர் இனிமே வாயத் திறக்கக் கூடாது."

"எனக்குச் சம்மதம், நியாபோ" என்று அம்மணி மரியாதை போட்டுச் சொன்னான் முத்யாபா. குரலில் எண்ணெய் தடவின மாதிரி இருந்தது.

"அந்த இருக்கையில என் முதுகு பதிஞ்ச பள்ளம் இருக்கு" என்றேன் நான்.

"பள்ளத்த நிரப்பிக்கலாம், முஸே" என்றாள்.

சனிக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. முத்யாபா வரவில்லை. படத்தைப் போனில் பார்த்தாகிவிட்டதாம், கடையில் தலைகள் காத்திருக்கின்றனவாம். என் இருக்கையில் நான் உட்கார்ந்தேன். நமுத்து பெண்கள் பெஞ்சில்.

படம் எந்தத் தேசத்திலிருந்து வந்தாலும், திரைக்குப் பக்கத்தில் கயோண்டோ மைக்கோடு உட்கார்ந்து, யார் என்ன பேசுகிறார்கள் என்று எங்கள் லுகாண்டா மொழியில் சொல்லிக்கொண்டே போவான். இப்படிச் சொல்கிறவனை வீஜே என்போம். ஒல்லியான ஆள், எப்போதும் தொண்டைக்கு ஒரு இஞ்சித் துண்டை மென்றுகொண்டிருப்பான். கொட்டகையில் மின்விசிறி சுற்றுவதை எவ்வளவு கவனிப்போமோ அவ்வளவுதான் அவனைக் கவனிப்போம்.

படம் பனிமலைப் படம். கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றித் துணி கட்டிய ஒருவன், செத்துப்போன மனைவியின் சவப்பெட்டியைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு அவள் பிறந்த ஊருக்குப் போகிறான். அவ்வளவுதான் கதை. ஒரு துப்பாக்கி இல்லை, ஒரு கார் கவிழவில்லை. இரண்டு பழத்துக்கு மேல் தேறாது என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு அவன் பெட்டியோடு பேச ஆரம்பித்தான். உன்னைக் கட்டிக்கொள்ள உன் அப்பனுக்கு நான் கொடுத்த மாடுகளில் ஒன்று நொண்டி என்று இத்தனை வருஷம் சொல்லிக் காட்டினாயே, அந்த நொண்டிதான் அதிகம் கன்று போட்டது என்று வம்புக்கு இழுத்தான். கொட்டகை அதிரச் சிரித்தது. கொஞ்ச தூரம் இழுத்துவிட்டு மூச்சு வாங்க நின்றான். பெட்டியின் மேல் விழுந்த பனியைக் கையால் தட்டினான்.

"மத்தோக்கேயில உப்பு கூடிப்போச்சுன்னு தினமும் உன்ன திட்டினேன். உப்பு சரியாத்தான் இருந்தது. நீ அடுப்படியிலேர்ந்து எழுந்து வந்து பதிலுக்கு என்கூட சண்டை போடணும்னுதான் திட்டினேன்."

பனி தேசத்தில் மத்தோக்கே, எங்கள் வாழைக்காய் மசியல், கிடையாது என்று எங்களுக்கும் தெரியும். அங்கே வேறு ஏதோ சாப்பாடாக இருக்கும், கயோண்டோ எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறான் என்று எடுத்துக்கொள்வோம். பெஞ்சுகளில் மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்தது. திரும்பிப் பார்த்தேன், நமுத்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்ததும் நான் வெளியே போய்த் தட்டில் ஐந்து பழம் எடுத்து வந்து, திரை முன்னால் நாகிபூலே போட்டிருந்த முக்காலியில் வைத்தேன். முத்யாபா கையில் சிலேட்டோடு வந்தான். இரண்டு நட்சத்திரம்.

"ரெண்டா?" என்றாள் நாகிபூலே. "ஐஞ்சுன்னு சொல்றவங்க கையத் தூக்குங்க."

கைகளில் கூரை மறைந்தது. நான் எழுந்து நின்றேன். வாழ்நாளில் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

முத்யாபாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அந்த ஆள் நடந்துக்கிட்டே இருக்கான். அதுல என்னய்யா இருக்கு?"

"அவன் பேசினது உன் காதுல விழலியா? அந்த உப்புப் பேச்சு?" என்றேன்.

"எந்த உப்பு? பெட்டியக் கட்டினதிலேர்ந்து அந்த ஆள் வாயத் திறக்கவே இல்லையே, முஸே."

அவன் போனை எடுத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டினான். நான்கு தலை, பத்துத் தலை அதன் மேல் கவிழ்ந்தன. அதே மனிதன், அதே பெட்டி. காற்றுச் சத்தம் மட்டும். வாய் துணிக்குள் இருந்ததால் அவன் பேசவில்லை என்பது படம் ஓடும்போது எங்களுக்குத் தெரியவில்லை. அவன் நடந்தான், நின்றான், பனியைத் தட்டினான், மறுபடி நடந்தான். ஒரு வார்த்தை இல்லை.

எல்லாரும் கயோண்டோவைப் பார்த்தார்கள். அவன் மைக்கின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"அரைமணி நேரம் சும்மா நடக்குறான்" என்றான் தலையைத் தூக்காமல். "நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்கன்னு பயம் வந்துடுச்சு. எங்க அம்மாவப் புதைச்சப்ப எங்க அப்பா அந்த உப்பப் பத்திச் சொல்லிக்கிட்டே மண்ணு போட்டாரு. அது ஞாபகம் வந்தது. எடுத்து விட்டேன்."

அடுத்து நடந்ததை எந்தப் படத்தில் காட்டினாலும் நான் ஒரு பழம்கூடக் கொடுக்க மாட்டேன். மோட்டார் சைக்கிள்காரர்கள் அவனை அப்படியே தூக்கினார்கள். தூக்கிக் கொண்டுபோய் உட்கார வைத்த இடம் என் இருக்கை. என் முதுகுப் பள்ளத்தில் அவனுடைய குச்சி முதுகு. நாகிபூலே தடுக்கவில்லை, டிக்கெட் விற்கிற கணக்கு அவள் கண்ணில் ஓடியது.

நமுத்து முக்காலியிலிருந்து தட்டை எடுத்தாள். என்னிடம்தான் கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போய்க் கயோண்டோவிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க. தொண்ட வறண்டிருக்கும்."

என் அடுப்பு, என் பழம், என் பெண்டாட்டி. முத்யாபா என்னிடமிருந்து பிடுங்க நினைத்தது ஒரு இருக்கையை. இந்த ஒல்லிப்பயல் எதையும் பிடுங்க நினைக்கவில்லை, எல்லாம் தானாக அவனிடம் போய்ச் சேர்ந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

"அடுத்த வாரப் படம் எப்படி, கயோண்டோ?" என்று யாரோ கேட்டார்கள். வாய் நிறையப் பழத்தோடு அவன் நான்கு விரலைக் காட்டினான். சரி என்று தலையாட்டிக்கொண்டு கூட்டம் கலைந்தது. இன்னும் வராத படத்துக்கு.

நான் அடுப்பண்டை வந்து கரியைக் கிளறினேன். முத்யாபா ரோட்டைத் தாண்டாமல் என் பக்கத்திலேயே நின்றான். சிலேட்டைச் சட்டையில் துடைத்திருந்தான், நெஞ்சில் சாக்கட்டி வெள்ளை.

"அந்தக் கயோண்டோவுக்குக் கட்டக் குரல்" என்றான்.

"இஞ்சிய மென்னு மென்னு பாதி வார்த்தைய முழுங்குறான்" என்றேன்.

"அழுகைக் காட்சியில ரொம்ப நீட்டுறான்."

"சிரிப்புக் காட்சியில முந்திக்கிறான்."

ஒரு பழத்தை எடுத்து அடுப்பில் போட்டேன். கொஞ்சம் வெந்ததும் அதைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான். "மொத்தத்துல அவனுக்கு எத்தனை கொடுக்கலாம், முஸே?"

யோசித்தேன். உப்புப் பேச்சு நினைவுக்கு வந்தது, அதை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கத்தியை எடுத்துப் பழத்தை நடுவில் வெட்டினேன். ஒரு பாதியைக் கம்பி வலை ஓரத்தில், ஊர் பார்க்கிற இடத்தில் ஒதுக்கி வைத்தேன். மறு பாதியை சலோங்கோவிடம் கொடுத்தேன்.