நேராக்கிய சுவர்

எனக்குக் கோணல் ஆகாது. சுவரில் மாட்டிய காலண்டர் ஒரு விரல் சாய்ந்திருந்தாலும் எழுந்துபோய்ச் சரிசெய்துவிட்டுத்தான் காபியைத் தொடுவேன். இந்த வியாதியை வைத்துத்தான் ஏழு வருஷமாக என் பிழைப்பு ஓடுகிறது. தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். விற்பனைக்கு வரும் ஃப்ளாட், கல்யாண மண்டபம், ஹோட்டல் என்று விக்கி படம் எடுத்து அனுப்புவான். நான் கம்ப்யூட்டரில் அவற்றை நிமிர்த்திக் கொடுப்பேன்.

சென்னையில் எந்தக் கட்டடத்துக்கு முன்னாலும் பின்வாங்கி நிற்க இடம் கிடையாது. ரெண்டடி தள்ளினால் பைக், நாலடி தள்ளினால் சாக்கடை. அதனால் வைட் ஆங்கிள் லென்ஸைப் போட்டு, கேமராவை அண்ணாந்து பிடித்து எடுக்க வேண்டியிருக்கிறது. அப்படி எடுத்தால் சுவர்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கி, கட்டடமே மல்லாந்து விழப்போவதுபோல் தெரியும். சாஃப்ட்வேரில் இந்தச் சுவரோரம் ஒரு கோடு, அந்தச் சுவரோரம் ஒரு கோடு போட்டு, இவை ரெண்டும் நேர் என்று காட்டினால் போதும். அது படம் முழுவதையும் அதற்கேற்ப இழுத்து நிமிர்த்திவிடும். அதற்கப்புறம் கேபிள் ஒயர், கொடியில் காயும் துணி, காக்கா எல்லாவற்றையும் அழிப்பேன்.

ஆபீஸைப் பெருக்கித் துடைக்க வரும் தேவானை அக்கா, துடைப்பத்தோடு என் நாற்காலிக்குப் பின்னால் நின்று இதை வேடிக்கை பார்ப்பார்.

"சாஞ்சு கீறதெல்லாம் நிக்க வெக்கிறியே கீர்த்திமா, மனுசனுக்கு இந்த மாரி ஒண்ணு கெடையாதா? எங்க வூட்டுக்காரர இட்டாறேன், முதுக கொஞ்சம் நிமித்தி வுடு" என்பார்.

அவர் வீட்டுக்காரர் தங்கவேல் கொத்தனார். முப்பது வருஷம் செங்கல் சுமந்து கூன் விழுந்தவர். குழந்தைகள் இல்லை. மயிலாப்பூரில் கால்வாய்க் கரையை ஒட்டிய ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தில், கடைசி மாடியில் ஒரே அறையும் சமையலறையுமாக இருவரும் குடியிருந்தார்கள்.

புரட்டாசியில் ஒருநாள் அக்கா வேடிக்கை பார்க்கவில்லை. துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க கட்டடம் கால்வா பக்கமா சாஞ்சுக்கினே போதுமா. எங்க வூட்டுக்காரரு நூலு வுட்டுப் பாத்துட்டாரு. ஓனரு இன்னாடான்னா, அது வெறும் பூச்சு வெடிப்பு, ஒண்ணும் ஆவாதுன்றான். போட்டோ இருந்தா குடுங்க, இன்ஜினியர்கிட்ட காட்றேன்றான். நீ வந்து ஒரு போட்டோ புடிச்சுக் குடேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை விக்கியின் கேமராவை வாங்கிக்கொண்டு போனேன். கட்டடத்துக்கு எதிரே எட்டடிச் சந்து. வழக்கம்போல் முதுகு எதிர்ச்சுவரில் முட்ட, அண்ணாந்துதான் எடுக்க முடிந்தது. தங்கவேல் அண்ணன் மொட்டை மாடியின் கால்வாய்ப் பக்க ஓரத்திலிருந்து தூக்குக்குண்டை இறக்கினார். சிவப்பு நைலான் நூல், நுனியில் இரும்புக் குண்டு. அது ஆடி ஆடி நிற்கும்வரை யாரையும் பேசவிடவில்லை. பிறகு இறங்கி வந்து சுவருக்கும் நூலுக்கும் இடையில் கையை வைத்துக் காட்டினார்.

"மேல சொவத்த தொட்டுக்கினு கீது. கீழ பாரு, ஒரு சாண் தள்ளி நிக்கிது. நூலு பொய் சொல்லாதுமா. அது தெரியிற மாரி எடு."

எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன்.

திங்கட்கிழமை அடையாறில் ஒரு புது அடுக்குமாடியின் படங்கள் அறுபது வந்து குவிந்தன. மதியத்துக்குள் வேண்டும் என்று பில்டர் ஆபீஸிலிருந்து மணிக்கு நாலு போன். அந்தக் குவியலோடு அக்காவின் படத்தையும் திறந்தேன். லென்ஸால் வரும் சாய்வை அப்படியே விட்டால், கேமராக் கோளாறு என்று இன்ஜினியர் சுலபமாகத் தட்டிக்கழித்துவிடுவார் என்று நான் நினைத்ததும் உண்மை. அதுவரை சரி. ஆனால் கோட்டை எங்கே போட வேண்டும்? நூலின் மேல். ஏழு வருஷப் பழக்கம், கை தானாகச் சுவரோரம் போயிற்று. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கட்டடம் அட்டென்ஷனில் நின்றது. பக்கத்து வீட்டின் சாய்ந்த ஓரம் வெட்டுப்பட்டுப் போயிற்று. இப்போது படத்தில் ஒரே ஒரு கோணல்தான் பாக்கி. நேரான சுவரை ஒட்டி, குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பில்டர் ஆபீஸ்காரரிடம் "இதோ சார், அனுப்பிட்டேன் சார்" என்று சொல்லிக்கொண்டே, கேபிள் ஒயர்களோடு அதையும் அழித்தேன். ரெண்டு நொடி வேலை.

படத்தைப் பிரிண்ட் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். ஓனர் கேட்டிருந்ததால் அவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வேலையைக் கச்சிதமாக முடித்துவிட்ட பெருமைகூட எனக்கு இருந்தது, வெட்கக்கேடு.

மூன்றாம் நாள் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்ஜினியரு போட்டோவ பாத்துட்டு, நேராத்தான கீதுன்னுட்டாராம். அதுல பாத்தா நல்லாத்தாம்மா கீது! நான் வேற பயந்துக்கினு, அசோக் நகர்ல தம்பி வூட்டுக்குப் போய்டலாம்னு மூட்டையெல்லாம் கட்டி வெச்சிருந்தேன். இப்பத்தான் தைரியம் வந்துச்சு. எங்க வூட்டுக்காரருதான், நூலு எங்கன்னு கேட்டாரு. எத்தினி ஒயரு கீது, அதோட போயிருக்கும்னேன்."

என்ன செய்திருக்கிறேன் என்பது அந்தக் கணமே தெரிந்துவிட்டது. நான் போட்ட படம் தப்பு, நீங்கள் தம்பி வீட்டுக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால், ஏழு வருஷமாக இதே வேலை செய்கிறவள் இப்படியா செய்வாள் என்று அந்த அக்கா என்னைப் பார்ப்பாரே என்ற கூச்சம்தான் முதலில் வந்தது.

"நூல் தெரியிற மாதிரி இன்னொரு பிரிண்ட் போட்டுத் தரேன்க்கா" என்றேன். "நாளைக்கு."

நாளைக்கு வேறு வேலை வந்தது. மறுநாள் விக்கி வேறொன்றை அனுப்பினான். அக்காவும் கேட்கவில்லை. அவருக்குத்தான் பயம் தெளிந்துவிட்டதே.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் காலை ஒன்பதரைக்கு நான் ஆபீஸுக்குப் போனபோது தரை பெருக்காமல் கிடந்தது. வாசலெல்லாம் சேற்றுக் கால்தடம். வரமுடியாது என்றால் ஒரு போன் பண்ணக்கூடாதா என்று எரிச்சலோடு நானே துடைப்பத்தை எடுத்தேன். பெருக்கி முடிப்பதற்குள் விக்கியிடமிருந்து போன் வந்துவிட்டது. கால்வாய்ப் பக்கத்துச் சுவர் மேலிருந்து கீழ்வரை சரிந்து, மூன்று மாடிச் சமையலறைகளையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மற்ற இரண்டு சமையலறைகளிலும் அப்போது யாரும் இல்லை. தேவானை அக்கா வேலைக்குக் கிளம்புவதற்கு முன் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

சாவுக்குப் போனேன். கூட்டத்தில் ஒரு மூலையில் நின்றுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து படுத்தால் கண்ணை மூட முடியவில்லை. எழுந்து அந்தப் பழைய படத்தைத் திறந்து, இந்த முறை கோட்டை நூலின் மேல் போட்டேன். நூல் நேராக நின்றது. கட்டடம் கால்வாய்ப் பக்கம் சாய்ந்தது. இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், பதினேழாம் நாள், அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அசோக் நகருக்குப் போனேன். தங்கவேல் அண்ணன் மச்சான் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டு, மச்சான் பெண்டாட்டியிடம் டீ போடச் சொன்னார்.

"உன்ன பத்தி ரொம்ப சொல்லும்மா அது. சிஸ்டத்துல வேல செய்ற பொண்ணு, நம்மள்ட்ட சிரிச்சுப் பேசும்னு" என்றார். பிறகு அவராகவே பேசினார். "யாரால இன்னாம்மா பண்ண முடியும்? மழ, மண்ணு எறங்கிக்கிச்சு. நான்தான் நூலு தப்பாப் புட்சுட்டேன், கண்ணு மங்கிப்போச்சு. போட்டோவுல நேராத்தான இருந்துச்சு. அத நெனச்சுத்தான் மனச தேத்திக்கினு கீறேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதும் நேரம், போய்ச் சேந்துட்டா."

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். நான் படத்தைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டைப் போட்ட இடம், அழித்த நூல், சொல்லாமல் விட்ட நாள், ஒன்றையும் மறைக்கவில்லை. என்னை அடிப்பார், திட்டுவார், அப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. படத்தை மடியில் வைத்து, கட்டை விரல் நகத்தைச் சுவரிலும் ஆள்காட்டி விரலை நூலிலும் வைத்து அளந்தார். திரும்ப ஒருமுறை அளந்தார்.

"அப்ப நான் சரியாத்தான் புட்சிருக்கேன்" என்றார்.

உள்ளே பால் பொங்கும் வாசனை வந்தது. அவர் உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"நீ குடுத்த போட்டோவ பாத்த அன்னிக்கு சாயங்காலம் மறுபடியும் நூலு வுட்டேன்மா. அதே ஒரு சாண். கம்ப்யூட்டரே சொல்லுது, கொத்தன் கையி என்னாத்த கண்டுச்சுன்னு சுருட்டி வெச்சுட்டேன். அது மொதல்ல நம்பல. போய்டலாம்யான்னு சொல்லிக்கினே இருந்துச்சு. மூட்டைய அவுத்துப்போடுடின்னு நான்தான் சொன்னேன்." கட்டை விரல் நகம் இன்னும் படத்துச் சுவரிலேயே இருந்தது. "நான்தான் சத்தம் போட்டு அவுக்க வெச்சேன்."

நான் அழுதேன். என் அழுகையால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் படத்தைக் கவிழ்த்து என் மடியில் வைத்தார்.

"இத்த எதுக்கும்மா எங்கிட்ட கொண்டாந்த?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். உங்களுக்கு உண்மை தெரியணும் அண்ணே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அது வாயில் வரவில்லை. பதினேழு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை, அதற்காகத்தான் கொண்டுவந்தேன் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?