பின்பக்கமாக நடந்த டிஸ்க்

நம் லிப்ட்டுக்காரர் செத்துப்போன ஒரு டிஸ்க்கை ஒரு பகல் முழுக்கப் பின்பக்கமாக நடக்கவைத்தார். அது சுமந்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு படங்களையும் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடியது. இதை நம்பாதவர்கள் உலகத்தில் எண்ணூறு கோடிப் பேர் இருக்கலாம். அவர்களில் அன்று அதே அறையில் இருந்தவர் ஒருவர்தான்: அவருடைய தங்கையின் கணவர், மருந்துக்கடைக்காரர்.

படங்கள் தங்கையுடையவை. குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்காக மூன்று வருடம் உட்கார்ந்து கணினியில் வரைந்தவை. திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வெள்ளிக்கிழமை டிஸ்க் டிக் டிக்கென்று முனகத் தொடங்கியது. வேறு நகல் கிடையாது. நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்றே மூன்று வருடமும் ஓடிவிட்டது.

சனிக்கிழமை காலை லிப்ட்டுக்காரர் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மருந்துக்கடை மாப்பிள்ளை டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் புரோகிராமை ஒன்பதாவது முறையாக ஓட்டிக்கொண்டிருந்தார். அது எழுபத்தொரு சதவீதம் வரை கம்பீரமாகப் போகும். அப்புறம் பொத்தென்று விழுந்துவிடும்.

"புரோகிராம்தான் மச்சான் சரியில்ல. இன்னொரு வாட்டி விட்டா போயிடும்."

"கால் ஒடஞ்சவன ஒம்போது வாட்டி மாடி ஏத்தி எறக்கியிருக்கீங்க மாப்ளே. தூக்கிட்டுப் போறவன் மேல ஏன் பழி போடுறீங்க?"

நாற்பது வருடம் லிப்ட் பழுதுபார்த்தவர் அவர். ஓய்வு பெற்ற மறுநாளே கணினிகளைப் பிரிக்க ஆரம்பித்து, சொந்தக்காரர்கள் வீட்டில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அவர் சொன்ன வைத்தியம் எளியது. பழைய டிஸ்க்கில் இனி ஓர் எழுத்துகூட எழுதக்கூடாது. படிக்க முடிந்ததையெல்லாம் புது டிஸ்க்கில் நகல் எடுக்கவேண்டும். பழுதுபார்ப்பதை அந்த நகலில் வைத்துக்கொள்ளலாம்.

நகலும் அதே எழுபத்தொன்றில் போய் நின்றது. டிஸ்க் நாலு தரம் முனகிவிட்டு வாயை மூடிக்கொண்டது. தங்கை அடுப்படிக்குப் போய், கழுவிவைத்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

"மேல போகமாட்டேன்னு நடுவுல நிக்கிற லிப்ட்ட என்ன பண்ணுவீங்க மாப்ளே?"

"ஆளக் கூப்பிடுவேன்."

"அந்த ஆளே நான்தான். கீழ எறக்குவேன்."

டிஸ்க்கின் மின்சாரத்தை நிறுத்தி, சற்று ஆறவிட்டு, கடைசி ஓரத்திலிருந்து ஆரம்பத்தை நோக்கி நகல் எடுக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தார். மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் ஜன்னல் கம்பிகள் இரண்டு வளைந்தன.

"கடைசிப் பக்கத்துலேர்ந்து படிக்க அது என்ன துப்பறியும் கதையா மச்சான்?"

டிஸ்க் படித்தது. எந்தப் பள்ளத்தின் முன்னால் நின்று நடுங்கியதோ, அதன் மறுகரை வரை பின்பக்கமாகவே வந்து சேர்ந்தது. மாலை நாலு மணிக்குப் பார்த்தால், ஒரு நகக்கண் அளவு தவிர எல்லாம் புது டிஸ்க்கில் இருந்தது. லிப்ட்டுக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டே நகலின்மேல் பழுதுபார்க்கும் புரோகிராமை ஓட்டினார்.

எண்பத்தெட்டில் பொத்தென்று விழுந்தது.

மாப்பிள்ளையின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. வாசலில் மனைவி நிற்பதைப் பார்த்ததும் அவசரமாக வாடியது.

"அண்ணே, போயிடுச்சா?" என்றாள் அவள்.

"இரும்மா. புரோகிராம் எதனால விழுந்துச்சுன்னு இதுவரைக்கும் யாராவது படிச்சோமா?"

கணினி தன்பாட்டுக்கு எழுதிவைக்கும் குறிப்பைத் திறந்து, கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தார். மெமரி தீர்ந்துபோனதால் புரோகிராம் நிறுத்தப்பட்டது என்றிருந்தது. இது புது நோய். அந்தப் பழைய மடிக்கணினியின் மெமரி கைக்குட்டை அளவுதான். புது டிஸ்க்கில் மிச்சமிருந்த இடத்தில் கொஞ்சம் ஒதுக்கி, கையில் கொள்ளாததை இங்கே வைத்துக்கொள் என்று கணினிக்குச் சொன்னார்.

எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது. மூன்று பேரும் மூச்சு விடாததில் அறையில் காற்று மிச்சமானது. நூறு.

எந்த ஃபோல்டரைச் சேர்ந்தவை என்று தெரியாத மூன்று கோப்புகளை மட்டும், புரோகிராம் வெறும் எண்களைப் பெயராக வைத்துத் தனியே ஒதுக்கியிருந்தது. தங்கை திறந்தாள். "என் ஆந்தை. இது என் குடை. அய்யோ, யானை முதுகுல கோடு விழுந்திருக்கு. பரவால்லண்ணே, அரைமணி நேர வேல."

மாப்பிள்ளை அவளை மெல்ல நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். மாத்திரை எண்ணும் விரலால் ஒவ்வொரு படமாகத் திறந்து எண்ணினார். முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு தரம் எண்ணினார். மூன்று வருடமாகப் பக்கத்து மேசையில் அவள் வரைவதைப் பார்த்துக்கொண்டே கணக்கெழுதியவர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

"எரநூத்திப் பன்னண்டு," என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பின்பக்கமாத்தான் மச்சான் நடந்துச்சு. நானே பாத்தேன்."