கல்பாதை மூடும் நேரம்

செப்டம்பரின் அந்த வார இறுதியில், வருஷமெல்லாம் பூட்டிக் கிடக்கும் கதவுகளைச் சேன்மாலோ என்னும் பிரெஞ்சுக் கடற்கரை நகரம் திறந்துவிடும். மதில்மேல் இருக்கும் காவல் கோபுரங்கள், பழைய கப்பல் முதலாளிகளின் மாளிகைகள், கடலுக்குள் பாறைமேல் நிற்கும் ரோஷ்பெலான் கோட்டை, எல்லாவற்றுக்கும் அன்று அனுமதி இலவசம். ஊர் வரலாற்றுச் சங்கத்துக்காரர்கள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவார்கள்.

ரோஷ்பெலான் கோட்டை ரோசெனின் பொறுப்பு. முன்பு அது அவள் கணவன் எர்வேயின் பொறுப்பாக இருந்தது. பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டே, இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கோட்டையைச் சுற்றிக்காட்டியவன் அவன். அவன் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தான் ரோசெனுக்கும் எல்லாம் மனப்பாடம் ஆனது. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு, முழங்கால் வலியால் எர்வேயால் இனிப் படியேற முடியாது என்று சங்கத்தில் சொல்லிவிட்டு, அட்டையை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். எர்வேயின் முழங்காலில் ஒரு கோளாறும் இல்லை. மருத்துவர் சொன்ன நோயின் பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாந்த் நகரில் இருக்கும் மகனிடம்கூடச் சொல்லவில்லை.

வெறும் மறதி என்று நம்பி வழக்கமாக அவனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண், அன்று காலை காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் தனியாக விட்டுப் போக ரோசெனுக்குத் தைரியமில்லை. போன வாரம்தான் அவன் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். வேறு வழியில்லாமல், தடித்த நீல மேலங்கியை அவனுக்குப் போட்டுவிட்டு, பையில் வெண்ணெய் பிஸ்கட்டும் ஒரு குடுவைக் காப்பியும் எடுத்துக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கடல் ஏறி இறங்கும் ஓதம் அன்று வருஷத்திலேயே மிகப் பெரியது. மத்தியானம் கடல் வெகுதூரம் உள்வாங்கி, கரையிலிருந்து கோட்டைவரை போகும் கல்பாதை முழுக்க வெளியே தெரிந்தது. பாசி படிந்த கற்களின்மேல் ஜனங்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். ஆனால் அப்படிப் போன கடல் அதே வேகத்தில் திரும்பியும் வரும். கோட்டை வாசலில் செர்வான் நின்றுகொண்டிருந்தான். வாசலைத் திறப்பது, பூட்டுவது, ஓத நேரம் பார்த்து ஆட்களைக் கரைக்கு அனுப்புவது எல்லாம் அவன்தான். எர்வேயைப் பார்த்ததும் கையைப் பிடித்துக் குலுக்கி, முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"எந்த முழங்கால்?" என்றான் எர்வே.

செர்வான் அதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தான். ரோசெனும் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

முற்றத்தில் மழைநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கை உண்டு. அங்கே அவனை உட்காரவைத்து, பிஸ்கட் பொட்டலத்தை மடியில் வைத்து, எங்கேயும் எழுந்து போகக் கூடாது என்று இரண்டு முறை சொன்னாள். அவன் சமர்த்தாகத் தலையாட்டினான். பிறகு அவள் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போனாள். கோட்டையைக் கட்டிய அரசனைப் பற்றி, இங்கிருந்து கிளம்பிப் போய் ஆங்கிலேயர் கப்பல்களைக் கொள்ளையடித்த மாலுமிகளைப் பற்றி, போரின்போது நகரமே எரிந்ததைப் பற்றி வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கண் மட்டும் ஒவ்வொரு ஜன்னல் வழியாகவும் முற்றத்துக்குப் போய் அந்த நீல மேலங்கியைத் தேடியது. படைவீரர் அறையிலிருந்து பார்த்தபோது இருந்தான். மாடியிலிருந்து பார்த்தபோதும் இருந்தான். வெடிமருந்துக் கிடங்கில் ஜன்னல் கிடையாது. அதற்குள் போய் வெளியே வந்தபோது இருக்கை காலியாக இருந்தது.

கல்மேல் பிஸ்கட் துகள் சிதறிக் கிடந்தது. பொட்டலத்தையும் காணோம்.

ஒரு பெரியவர் பீரங்கிகளின் எடையைப் பற்றி ஏதோ கேட்டார். என்ன பதில் சொன்னோம் என்பது ரோசெனுக்கே தெரியவில்லை. கழிப்பறைக்குப் போயிருப்பான் என்று நினைத்தாள். ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொன்னாள், அங்கே இல்லை. தொட்டியின் வாயை மூடியிருந்த இரும்புச் சட்டத்தைக் குனிந்து பார்த்தாள். அசையாமல் இருந்தது. அந்தமட்டில் நல்லது என்று எண்ணியபோதே, வாசலில் செர்வான் மணியடிப்பது கேட்டது.

கூட்டம் கலைந்து வாசலுக்கு நகர்ந்தது. ரோசென் ஓட்டமும் நடையுமாக முன்னால் போய், வெளியேறும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். கடைசி ஆளும் கடந்துபோன பிறகு செர்வான் கதவைப் பிடித்துக்கொண்டு, "வா, போகலாம். தண்ணி சீக்கிரம் ஏறுது. எர்வே எங்க?" என்றான்.

"காணோம்."

"முன்னாலயே கரைக்குப் போயிருப்பான். அவனுக்கா ஓதக் கணக்கு தெரியாது? நமக்கே சொல்லிக்கொடுத்தவன்."

ரோசென் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இப்போது மறைத்தால் இவன் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவான் என்று அவளுக்குப் புரிந்தது.

"அவனுக்கு முழங்கால்ல ஒண்ணும் இல்ல, செர்வான். மூளையில பிரச்சினை. இன்னிக்கு என்ன கிழமைன்னே அவனுக்குத் தெரியாது. ஓதம் அவனுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது?"

செர்வான் அவளை ஒரு கணம் பார்த்தான். பாதையில் போகும் கூட்டத்தை முதலில் கரை சேர்த்துவிட்டு மீட்புப் படகுக்காரர்களுக்குச் சொல்வதாகவும், எர்வே கிடைத்து, பாதை காய்ந்திருந்தால் மட்டும் இறங்கும்படியும், இல்லையென்றால் கோட்டைக்குள்ளேயே இருக்கும்படியும் சொல்லிவிட்டு, கதவைத் திறந்தபடி விட்டு ஓடினான்.

ரோசென் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே படியேறினாள். குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. மேல்தளத்திலிருந்து கடலைப் பார்க்கப் பயமாக இருந்தது, இருந்தும் பார்த்தாள். பாறைகளுக்கு நடுவே நீலமாக ஏதோ கிடந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தபோது அது மீன்பிடி வலையின் துண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது கடல் பக்கத்துக் கீழ்மேடையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அழுத்தந்திருத்தமாக, நடுவில் சிரிப்புக்கு இடம் விட்டுப் பேசும் குரல். அந்தக் குரலை அவள் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

கீழ்மேடையில் எர்வே நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான். எதிரே ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண்ணின் மார்பில் துணித்தூளியில் ஒரு கைக்குழந்தை. நகரைத் தகர்க்க ஆங்கிலேயர்கள் வெடிமருந்தை நிரப்பி அனுப்பிய கப்பல் எந்தப் பாறையில் தட்டியது என்று அவன் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். பெயர், ஆண்டு, காற்றடித்த திசை, ஒன்றுகூடத் தப்பவில்லை. பெண் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். கணவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

எர்வே ரோசெனைப் பார்த்ததும் மரியாதையாகத் தலைசாய்த்தான். "வாங்க மதாம், இப்பதான் ஆரம்பிச்சேன். பக்கத்துல வந்து நில்லுங்க."

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அதை நினைத்து நிற்க நேரமில்லை. கடல் ஏறுகிறது, உடனே கிளம்ப வேண்டும் என்று அவள் அந்தத் தம்பதியிடம் சொன்னாள். அவர்கள் திகைத்துப் போனார்கள். பாதை மூட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று இந்த ஐயா சொன்னாரே, மணி சத்தம் கேட்டபோதுகூட அது வேறு கூட்டத்துக்கு என்றாரே என்று அந்தப் பெண் கேட்டாள். லீல் நகரத்துக்காரர்கள், அவள் பெயர் லூதிவின், கணவன் பெயர் பாஸ்தியான். பதில் சொல்லாமல் ரோசென் எர்வேயின் கையைப் பற்றி இழுத்தாள். அந்நியப் பெண் கையைப் பிடித்த சங்கடத்தில் அவன் கூடவே வந்தான்.

வாசலுக்கு வந்தபோது பாதையின் நடுப்பகுதியைக் காணவில்லை. அங்கே கற்கள் பள்ளமாக இறங்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் கடல் வந்து அந்த இடத்தில்தான் முதலில் கைகோத்துக்கொள்ளும். அக்கரையில் ஜனங்கள் சிறிதாகத் தெரிந்தார்கள். செர்வான் இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காக ஆட்டினான்.

அவன் வர வேண்டாம் என்கிறான் என்று ரோசென் சொல்லி முடிப்பதற்குள் பாஸ்தியான் இறங்கிவிட்டான். "கணுக்கால் அளவுதான் இருக்கு. நான் ஆழம் பார்க்கிறேன். குழந்தைக்குப் பால் நேரம், இங்க எப்படி உட்கார்ந்திருக்கிறது?"

நாலு எட்டு வைத்தான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அடுத்த எட்டில் பாசியில் கால் வழுக்கி, பக்கவாட்டில் விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், நீரோட்டம் காலை வாரிவிட்டது. லூதிவின் அலறவில்லை. மூச்சு நின்றுபோனவள் மாதிரி குழந்தையின் தலையை இறுக்கிப் பிடித்தாள்.

எர்வேயின் கை ரோசெனின் பிடியில் இருந்தது. அவனும் தண்ணீரைப் பார்த்து ஓரடி முன்வைத்தான், பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தபடி. பிடியை விட்டால் இவன் போய்விடுவான். விடாவிட்டால் அவன் போய்விடுவான். ரோசென் எர்வேயின் கையை எடுத்து லூதிவினின் கைக்குள் திணித்தாள்.

"இவரை விட்டுடாத. என்ன சொன்னாலும் விடாத."

கழுத்திலிருந்த சால்வையை உருவிக்கொண்டு இறங்கினாள். குளிர் எலும்பில் தைத்தது. பாதையின் ஓரத்துக் கல்லை ஒரு கையால் பற்றிக்கொண்டு சால்வையை வீசினாள். முதல் தடவை எட்டவில்லை. இரண்டாவது தடவை பாஸ்தியான் பிடித்துக்கொண்டான். அவள் தோள் கழன்றுவிடும் போல வலித்தது. அவன் தவழ்ந்து தவழ்ந்து மேலே வந்து, வாசற்படியில் குப்புற விழுந்து, உப்புத் தண்ணீரைக் கக்கினான். அவன் கைபேசி கடலோடு போயிருந்தது. ரோசென் திரும்பிப் பார்த்தாள். லூதிவினின் கைக்குள் எர்வேயின் கை இருந்தது. அவள் விரல்கள் வெளுத்துப்போகுமளவுக்கு அதை இறுக்கியிருந்தாள்.

காவலர் அறையில் நால்வரும் குழந்தையும் உட்கார்ந்திருந்தார்கள். ரோசென் குடுவையில் மிச்சமிருந்த காப்பியைப் பாஸ்தியானுக்குக் கொடுத்தாள். சுவருக்கு வெளியே கடல் இடிக்கும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. குழந்தை அழுதது, லூதிவின் சுவர்ப்பக்கம் திரும்பிப் பால் கொடுத்தாள். எப்போது வீட்டுக்குப் போவோம் என்று எர்வே திரும்பத் திரும்பக் கேட்டான். ஒவ்வொரு முறையும் ரோசென் இதோ என்றாள். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ அவன் குரலைக் கேட்டு லூதிவினுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இவருக்கு உடம்பு சரியில்லன்னு உங்களுக்குத் தெரியும்தானே?" அவள் குரல் தாழ்ந்திருந்தது. "தெரிஞ்சும் கடலுக்கு நடுவுல கூட்டிட்டு வந்திருக்கீங்க. இவர் சொன்னதை நம்பி என் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நின்னேன் நான்."

"தெரியும். தப்பு என்னோடதுதான்."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா, எல்லாரும் அவரைப் பார்க்குற பார்வை மாறிடும்னு நினைச்சேன்."

லூதிவின் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். படகு வரும்வரை அவள் ரோசெனின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வெளிச்சம் மங்குமுன் மீட்புப் படகு காற்று படாத பக்கத்துப் படிகளில் வந்து அணைந்தது. முதலில் தாயும் குழந்தையும், பிறகு மற்றவர்கள் ஏறினார்கள்; கடைசியில் ஏறிய ரோசெனின் தலையை அலை நனைத்தது. துறையில் சங்கத்தின் தலைவி மதாம் ரூஸெல் மழைக்கோட்டோடு நின்றிருந்தாள். பாஸ்தியானைக் கம்பளியில் சுற்றி மருத்துவ வண்டியில் ஏற்றியதும், அவள் ரோசெனைத் தனியாக அழைத்து நடந்ததைக் கேட்டாள். ரோசென் ஒன்றுவிடாமல் சொன்னாள். மறுநாள் ரோஷ்பெலான் திறக்காது என்றும், வசந்த காலம்வரை ரோசென் கூட்டம் எதையும் அழைத்துப் போகக் கூடாது என்றும் மதாம் ரூஸெல் சொன்னாள். பிறகு, "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னிக்கு அவன்கூட யாராவது உட்கார்ந்திருப்போமே" என்றாள். திட்டியிருந்தால்கூட ரோசெனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள்.

செர்வான் அவர்களைத் தன் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் எர்வே மகிழ்ச்சியாகத்தான் இருந்தான். சாப்பாட்டு மேஜையில் சூப்பைக் குடித்துக்கொண்டே நிமிர்ந்து, "ரோசென், உன் தலையெல்லாம் ஏன் ஈரமா இருக்கு?" என்றான்.

அவன் வாயிலிருந்து தன் பெயரைக் கேட்டதும் அவள் அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோட்டையில் நடந்ததைச் சொன்னாள், யாருக்கோ நடந்த மாதிரி. ஒரு வழிகாட்டி நேரம் தவறிச் சொன்னது, அதை நம்பி ஒரு குழந்தைக்காரி மாட்டிக்கொண்டது, அவள் கணவன் தண்ணீரில் விழுந்தது. எர்வே கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"யாரு அந்த வழிகாட்டி? ஓத நேரம் தெரியாதவனை எப்படி வச்சிருக்காங்க? முதல்ல அவனை நிறுத்தணும். எவ்வளவு நல்லாப் பேசினாலும் சரி, நிறுத்தணும்."

"நிறுத்தியாச்சு" என்றாள் ரோசென்.

அவன் திருப்தியோடு தலையாட்டிவிட்டு ரொட்டியைக் கிழித்துச் சூப்பில் தோய்த்தான். ரோசென் எழுந்து கூடத்துக்குப் போனாள். அங்கிருந்தே அவன் முதுகு தெரியும்படி நின்றுகொண்டு, தொலைபேசியை எடுத்து நாந்த்துக்கு எண்களை அழுத்தினாள். மகன் லோயிக் எடுத்தான். பின்னால் அவன் வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது.

"லோயிக், அதை அணைச்சிட்டு உட்காரு" என்றாள். "அப்பாவைப் பத்திப் பேசணும்."