மூடிய பிறகும் வரும் தண்ணீர்

தெருவுக்கு அடியில் போகும் குடிநீர்க் குழாயை மூடிவிட்டால் வீட்டுக் குழாயும் உடனே நின்றுவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி நிற்பதில்லை. தெருமுனையில், இரும்பு மூடி போட்ட குழிக்குள் ஒரு வால்வு இருக்கிறது. அதை இறுக்கினால் புதுத் தண்ணீர் வருவது மட்டும்தான் நிற்கும். அதற்கு முன்பே குழாய்க்குள் வந்துவிட்ட தண்ணீர் எங்கே போகும்? உள்ளேயேதான் கிடக்கும். யாராவது திறந்தால் கொட்டும். திறக்கத் திறக்கத்தான் குழாய் காலியாகும்.

அந்த வட்டாரத்தில் இதை ஆளாளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் வால்வுக்காரன். குடிநீர் வாரியத்தில் வேலை. நீளமான இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவான். அவனுக்கு வேறு பெயர் இருப்பதையே தெரு மறந்துவிட்டது.

“என்ன வால்வு, மூடிட்டேன்னு சொல்லிட்டுப் போற, எங்க வீட்டுல மட்டும் இன்னும் கொட்டுது. எங்க மேல அவ்வளவு பாசமா?” என்று கடைசி வீட்டு அம்மா கேலி செய்வாள்.

“உங்க வீடு தாழ்வா இருக்கும்மா. தெரு முழுக்கக் குடிச்சது போக மிச்சம் எல்லாம் உங்களுக்குத்தான். யாரும் பிடிக்கலேன்னா நாளைக்குக்கூட வரும்,” என்று நின்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் போவான்.

அப்படிப்பட்டவன், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சமையலறைக் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாஷர் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டான். வாஷர் நன்றாகத்தான் இருந்தது. மனைவியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவனுக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

நான்கு நாட்களுக்கு முன்புதான் அவள் சொன்னாள், தான் கர்ப்பமாக இருப்பதாக. மருத்துவமனை லேபில் அவளே பரிசோதித்துப் பார்த்திருக்கிறாள். அங்கே கண்ணாடிக் குழாய்களும் கண்ணாடித் தகடுகளும் கழுவுவது அவள் வேலை. கழுவிக்கொண்டே படித்து, பாதியில் விட்ட பள்ளிப் பரீட்சையை எழுதித் தேறி, அதே மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் வாங்கியிருந்தாள். அடுத்த மாதம் வகுப்பு ஆரம்பம். முழு நாளும் நின்று செய்கிற படிப்பு, கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை. இந்த வருடம் விட்டால், வயது வரம்பு தாண்டிவிடும்.

பரீட்சை முடிவு வந்த அன்றுதான் அவன் சொன்னான்: “ரெண்டு பொண்ணுங்க போதும். நீ கருத்தடை மாத்திரை போட்டுக்கிட்டுத் தலைவலியோட படிக்க முடியாது. நான் ஆபரேஷன் பண்ணிக்கறேன்.” யாரும் கேட்காமல் அவனாகவே சொன்னது. அவள் ஒரு கணம் நம்பவில்லை. பிறகு லேபில் போய் எல்லோரிடமும் சொன்னாள். “எங்க வீட்டுக்காரர் பண்ணிக்கறாரு” என்று அவள் சொல்லச் சொல்ல, அவனைத் தெருவில் பார்க்கும் பெண்கள் தனி மரியாதையோடு வழிவிட்டார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் அதுதான் அதிகம் சுட்டது.

ஆபரேஷன் சிறியது. விந்தணு வரும் இரண்டு மெல்லிய குழாய்களையும் வெட்டிக் கட்டிவிடுகிறார்கள். சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம். கட்டுப் போடும்போது டாக்டர் சொன்னார்: “கட்டின இடத்துக்கு வெளிப்பக்கம் ஏற்கெனவே வந்து தங்கினது இருக்கும். அது காலியாக மூணு மாசம் ஆகலாம். அதுவரைக்கும் பாதுகாப்பு வேணும். அப்புறம் ஒரு சின்ன டப்பால விந்து எடுத்துக் கொண்டுவந்து லேப்ல குடுங்க. ஒண்ணும் இல்லேன்னு அவங்க சொன்னாதான் வேலை முடிஞ்சதா அர்த்தம்.”

“டாக்டர், இத எனக்கா சொல்றீங்க?” என்று அவன் சிரித்தான். “என் பொழப்பே அதுதானே!” நர்ஸும் சிரித்தாள்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் போனது. மனைவிக்குத் தலைவலி குறையவில்லை. மாத்திரை அட்டை தீர்ந்த அன்று அவள் கேட்டாள்: “இப்பவே டெஸ்ட் பண்ணிப் பாத்தா என்னங்க? சில பேருக்குச் சீக்கிரமே காலியாயிடுதாம்.”

அவன் போனான். டப்பாவை உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லேப் ஜன்னல் வரிசையில் நின்றான். ஜன்னலுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட இளம் டெக்னீஷியன் பெண் இருந்தாள். தினமும் அவன் மனைவியோடு தேநீர் குடிப்பவள். “என்ன அண்ணா, அக்காவப் பாக்க வந்தீங்களா? கூப்பிடவா?” என்றாள்.

அந்தப் பெண் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அவனுடையதை எண்ணப் போகிறாள். நாளைக்கு அவன் மனைவியோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கப் போகிறாள். அவன் காது சூடானது. “ஆமாம்மா, சும்மா இந்தப் பக்கம் வந்தேன். வேலையா இருந்தா வேணாம்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். டப்பாவைக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

அன்றைக்கு மனைவியிடம் சொன்னான்: “உன் ஆளுங்க முன்னாடி கூச்சமா இருந்துச்சு. பம்ப் ஹவுஸ் பக்கத்துல ஒரு தனியார் லேப்ல குடுத்துட்டேன். ஒண்ணுமே இல்லையாம்.”

“அப்பாடா!” என்று அவள் அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். மறுபடி மாத்திரை வாங்கவில்லை.

கூச்சம் போனதும் உண்மையாகவே ஒருநாள் போய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தான். அதற்குள் ஒன்றும் ஆகாது என்றும் நினைத்தான். குழாய் அப்படி நினைத்துக்கொண்டு காத்திருக்காது என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்?

மாடியில் குடியிருக்கும் அவன் அக்கா வாசற்படியில் நின்று குரல் கொடுத்தாள். “டேய் தம்பி, கதவத் திறந்து வச்சிட்டு என்னடா பண்ற?”

“வாஷர் மாத்தறேன்க்கா.”

அக்கா உள்ளே வந்தாள். அவன் மனைவி தரையில் உட்கார்ந்து பெண்களின் பள்ளிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் வாந்தி எடுத்த சத்தம் மாடிக்குக் கேட்டிருக்கும். அக்கா அவளைப் பார்க்காமல் தம்பியிடமே பேசினாள்.

“எனக்கு ஒரு சந்தேகம்டா. படிக்காதவ கேக்கறேன், தப்பா நினைக்காத. ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன் வீட்டுல தொட்டில் எப்படிடா கட்டுவாங்க?”

சட்டை மடிக்கும் கை நின்றது.

“அண்ணி, டாக்டர்கிட்டக் கேட்டேன்,” என்றாள் மனைவி. குரல் தாழ்ந்திருந்தது. “கட்டினது எப்பவாவது ஒருத்தருக்குத் தானா சேந்துக்குமாம். அப்படி ஆயிருக்கும்.”

“உன்ன யாரும்மா கேட்டா? நான் என் தம்பியக் கேக்கறேன்.” அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். “லேப்ல ஆம்பளைங்களும் வேலை பாக்கறாங்கல்ல? படிப்பு படிப்புன்னு இவனும் அனுப்பி வைக்கறான். நான் ஒண்ணும் சொல்லல. நாலு பேர் கேப்பாங்கல்ல?”

ஒரே ஒரு வாக்கியம் போதும். ‘அக்கா, நான் டெஸ்டே குடுக்கல.’ அவன் ரப்பர் வாஷரை விரலில் சுழற்றிப் பார்த்தான். தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தான். தேயவில்லை. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வாய் இருந்தா பேசுவ,” என்று முனகிக்கொண்டே படியேறிப் போய்விட்டாள்.

கழற்றிய குழாயின் வாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சுவரில் இருக்கும் அடைப்பானை மூடிவிட்டுத்தான் கழற்றியிருந்தான். ஆனாலும் விழுந்தது.

“ஏங்க,” என்றாள் மனைவி. “நீங்களும் அப்படித்தான் நினைக்கறீங்களா?”

“சீ, என்ன பேச்சு இது?”

“பின்ன ஏன் நாலு நாளா என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறீங்க? அண்ணி அவ்வளவு பேசறாங்க, ஒரு வார்த்தை, ‘போதும்க்கா’ன்னு சொல்லல. உங்களுக்கும் மனசுல இருக்கு. இல்லேன்னா சொல்லியிருப்பீங்க.”

அவன் வாயைத் திறந்தான், மூடினான். அதை அவள் வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள். பக்கத்து அறையைப் பார்த்துப் பெண்கள் இருவரையும் கூப்பிட்டாள். பெரியவளும் சின்னவளும் கையில் வண்ணப் பென்சிலோடு ஓடி வந்தார்கள். அவள் எழுந்து, இரண்டு தலைகள் மேலும் ஒவ்வொரு கையை வைத்தாள்.

“என் பிள்ளைங்க தலைல அடிச்சு...”

“வேணாம்!” அவன் போட்ட சத்தத்தில் சின்னவள் பென்சிலைக் கீழே போட்டாள். “சத்தியம் பண்ணாத. கைய எடு. நீ எதுக்குப் பண்ணணும்?” பெண்களை வெளியே விளையாடப் போகச் சொன்னான். அவர்கள் போனதும் சொன்னான்: “நான் டெஸ்டே குடுக்கல.”

அவளுக்கு உடனே புரியவில்லை. “பம்ப் ஹவுஸ் பக்கத்துல...?”

“அங்க லேபே கிடையாது. உங்க லேப் ஜன்னல் வரைக்கும் வந்தேன். அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு இருந்தா. வெக்கமாப் போச்சு. டப்பாவ வீசிட்டேன். உன்கிட்டப் பொய் சொன்னேன்.”

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். மடித்து வைத்த சட்டை ஒன்றை எடுத்துப் பிரித்து, மறுபடி மடித்தாள். அழுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கேட்கச் சகிக்காத சிரிப்பு.

“மூடினா உடனே நிக்காதுன்னு தெரு முழுக்கப் பாடம் எடுப்பீங்களே! பொண்ணுங்களுக்குக்கூட ஸ்ட்ராவோட ஒரு முனைய விரலால மூடிக் காட்டினீங்களே! உங்களுக்குத் தெரியாமயா போச்சு?”

“தெரியும்.”

“தெரிஞ்சும்...” அவள் சட்டையைக் கீழே வைத்தாள். “நான் நாலு நாளா என்ன நினைச்சேன் தெரியுமா? நீங்க எனக்காகக் கத்தி வச்சுக்கிட்டவரு, உங்க மனசு நோகாம அந்த ஆபரேஷனே வீணாப் போச்சுன்னு எப்படிச் சொல்றதுன்னு பயந்தேன். நான் உங்களுக்குப் பயந்தேங்க.”

அவனுக்கு மன்னிப்புக் கேட்கும் சொற்கள்கூட அப்போது மலிவாகத் தெரிந்தன.

“அண்ணியக் கூப்பிடுங்க,” என்றாள்.

அவன் மாடிப்படியின் அடியில் நின்று கூப்பிட்டான். அக்கா பாதிப் படி இறங்கி வந்தாள். அங்கேயே வைத்துச் சொன்னான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருப்பது தெரிந்தும் குரலைத் தாழ்த்தவில்லை. அக்காவின் முகம் மாறியது.

“அடப்பாவி! நான் அவளப் பேசினப்ப வாஷரத் திருப்பித் திருப்பிப் பாத்தியே! ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? என் வாயையும்ல பாவத்துல மாட்டி விட்டுட்ட?” கதவருகே நின்ற தம்பி மனைவியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, “சாப்பிட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டாள். அவள் உள்ளே திரும்பிப் போனாள்.

அவன் உள்ளே வந்ததும் மனைவி சொன்னாள்: “எனக்கு இது வேணாம். வெள்ளிக்கிழமையே பெண் டாக்டரப் பாத்துப் பேசிட்டேன். ஆரம்பம்தானாம், மாத்திரையிலேயே முடிஞ்சிடுமாம். உங்ககிட்டக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன். இப்பக் கேக்கல. சொல்றேன்.”

“நானும் கூட வரேன்.”

“வேணாம். அன்னிக்குப் பொண்ணுங்களுக்குச் சமைச்சுப் போடுங்க. தலை பின்னி விடுங்க. எனக்கு ரெண்டு நாள் படுக்கணும்.” கொஞ்சம் யோசித்தாள். “நாளைக்குக் காலைல அந்த டப்பாவக் கொண்டுவந்து ஜன்னல்ல குடுங்க. எங்க ஜன்னல்லதான்.”

மறுநாள் வரிசை நீளமாக இருந்தது. அவன் டப்பாவை ஒளிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். மூக்குக்கண்ணாடிப் பெண் நிமிர்ந்து, “என்ன அண்ணா, அக்காவப் பாக்க வந்தீங்களா?” என்றாள்.

“இல்லம்மா. இதக் குடுக்க வந்தேன். ஆபரேஷனுக்கு அப்புறம் எடுக்கற டெஸ்ட். அன்னிக்கே குடுத்திருக்கணும்.”

அவள் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள். வந்தவுடன் பார்க்க முடியாது. கெட்டியாக இருப்பது இளகக் கொஞ்ச நேரம் விட வேண்டும். பிறகு ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, அதன்மேல் காகிதம் போல மெல்லிய இன்னொரு கண்ணாடியை மூடி, நுண்ணோக்கியின் அடியில் வைக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் திருகை மெல்லத் திருப்பினால், கலங்கலாக இருப்பது ஓரிடத்தில் சட்டென்று தெளிகிறது. அவன் பெஞ்சில் உட்கார்ந்து திறந்த கதவு வழியாக இதையெல்லாம் பார்த்தான். வேறொரு நாளாக இருந்தால் எழுந்து போய் அந்தத் திருகு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டிருப்பான்.

அந்தப் பெண் ஒரு முறை பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, “அக்கா, கொஞ்சம் வாங்க,” என்றாள்.

அவன் மனைவி ஈரக் கையுறைகளைக் கழற்றிவிட்டு வந்தாள். குனிந்து, ஒரு கண்ணை வைத்து, திருகை மயிரிழை அளவு நகர்த்தினாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள்.

“ரொம்பக் குறைச்சல்,” என்றாள், கண்ணை எடுக்காமல். “ஆனா இருக்கு. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. நீந்திக்கிட்டு இருக்கு.”

அவன் கதவு வரை வந்து நின்றான். அவள் நிமிர்ந்து நகர்ந்து இடம் விட்டாள். அவன் குனிந்தான். வெளிச்ச வட்டத்துக்குள் ஒரு துளி வால் துடித்துத் துடித்து ஓரத்துக்குப் போய் மறைந்தது. நான்கு நாட்களாக அவன் சொல்லாததை அது சொல்லிவிட்டுப் போனது.

“திரும்ப எப்ப கொண்டுவரணும்?” என்று கேட்டான்.

“அடுத்த மாசம். அதுக்கு அடுத்த மாசமும்.” அவள் கையுறைகளை மாட்டிக்கொண்டாள். “அப்ப நான் இந்தப் பக்கம் உக்காந்து படிச்சிக்கிட்டு இருப்பேன். காலியாயிடுச்சா இல்லையான்னு நீங்க வந்து எனக்குச் சொல்ல வேணாம். நானே பாத்துக்கறேன்.”