நான்காவது தூணில் ஒரு முகம்

பத்திரிகை இல்லாத நாட்டில் நீதி குருடு; பத்திரிகையே அதன் கண். செங்கல்பட்டிலிருந்து வியாழன்தோறும் வெளிவந்த 'நீதிக்கண்' இந்த வாக்கியத்தை முதல் பக்கத்தின் நெற்றியில் போட்டது. நேர் கீழே மூல வியாதி லேகிய விளம்பரம்.

ஆசிரியர் பார்த்தசாரதி. அச்சகம், எழுத்து, பிழைதிருத்தம் எல்லாம் அவரே. தன்னை ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்று சொல்லிக்கொள்வார். 1973 ஆவணியில் அந்தத் தூண், மாமல்லபுரத்தில் சிப்பிமாலை விற்கும் ஜலாலுதீன் மேல் சாய்ந்தது.

சதுரங்கப்பட்டினம் பஸ் நிறுத்தத்தில் கத்தரிக்காய் விற்கும் சம்பூர்ணத்தின் சங்கிலியை எவனோ பின்னாலிருந்து அறுத்துக்கொண்டு ஓடினான். அதே நேரம் ஜலாலுதீனும் ஓடிக்கொண்டிருந்தார், கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க. ஓடியவர்களில் போலீஸ் கைக்குக் கிடைத்தவர் அவர். சப்-ஜெயிலில் அடையாள அணிவகுப்பு வைப்பதாக மாஜிஸ்திரேட் சொன்னார்.

அணிவகுப்புக்கு நான்கு நாள் முன்பே 'நீதிக்கண்' தீர்ப்பு எழுதிவிட்டது: "சங்கிலித் திருடன் ஜலாலுதீன் சிக்கினான்! கடற்கரையை நடுங்கவைத்த கொடியவன்!" தான் நடுங்கியது கடற்கரைக்கு அன்றுதான் தெரியும். பக்கத்திலேயே ஒரு படம்.

ஜலாலுதீனின் மனைவி ஷரீபுன்னிசா பேப்பரோடு அச்சகத்துக்குப் போனாள்.

"இன்னா சார் எழுதிக்கினு கீறீங்க? கோர்ட்டு இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

"கோர்ட் மெதுவா வரும்மா. மக்களுக்கு அவசரம்."

"இந்தப் படத்துல கீறது எங்க வூட்டுக்காரரே இல்ல."

பார்த்தசாரதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்திரிகையில வந்துட்டா அவர்தான்."

மறுநாள் மகள் பதருன்னிசாவின் மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தை முறித்தார்கள். படத்தில் இருப்பவர் சம்பந்தி இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். பெயர் போதுமானதாக இருந்தது.

அணிவகுப்பு அன்று சப்-ஜெயில் முற்றத்தில் பத்துப் பேர் நின்றார்கள், ஜலாலுதீன் ஆறாவது. சம்பூர்ணம் திருடனின் முதுகைத்தான் பார்த்திருந்தாள். ஆனால் பேப்பர் படத்தை நான்கு நாளாகப் பார்த்துப் பார்த்து அந்த முகம் அவளுக்கு மனப்பாடம். வரிசையை இரண்டு தடவை சுற்றி வந்தாள்.

"இதுல அந்த ஆளு இல்ல சாமி."

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். வெளியே வந்த சம்பூர்ணம், வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு காத்திருந்த பார்த்தசாரதியின் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"இங்க நின்னுகினு கீறான் சாமி. மயிருதான் கொட்டிப்போச்சு. மூஞ்சி இதான்."

சுருக்குப்பையிலிருந்து பேப்பர்த் துண்டை எடுத்து நீட்டினாள். பின்னாலேயே வந்த மாஜிஸ்திரேட் துண்டைப் பார்த்தார். ஆசிரியரைப் பார்த்தார். மறுபடி துண்டைப் பார்த்தார்.

புருஷனைப் பார்க்க வந்து மதிலோரம் நின்ற ஷரீபுன்னிசா கேட்டாள்: "பத்திரிகையில வந்துட்டா அவர்தானே சார்?"

வேறு சாட்சி இல்லை. ஜலாலுதீனை விட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் ஷரீபுன்னிசா திரும்பவும் அச்சகப் படி ஏறினாள்.

"விட்டுட்டாங்கன்னு போடுங்க சார். பொண்ணு கல்யாணம் நின்னு கீது."

"அதுல செய்தி என்னம்மா இருக்கு? படம் வேற இல்ல. படம் இல்லாம எடுபடாது."

"அன்னிக்கும் உங்ககிட்ட அவரு படம் இல்ல. அதான் பொழைச்சாரு. சரியான படத்தைப் போட்டிருந்தா அந்தம்மா நேரா அவரைத்தான் தொட்டிருக்கும்."

பார்த்தசாரதி பிழைதிருத்தத்தில் மும்முரமானார். விடுதலைச் செய்தி அந்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

புதுப் படம் அச்சிட வேண்டுமானால் அதற்கான உலோக பிளாக் செய்ய மெட்ராஸுக்குப் போகவேண்டும். அதனால் பிடிபடும் எல்லாத் திருடனுக்கும் அச்சகத்தில் கிடந்த ஒரே பிளாக்கைத்தான் அவர் போட்டு வந்தார். போன நகராட்சித் தேர்தலில் ஏழாவது வார்டில் அவர் நின்றபோது நோட்டீஸுக்காகச் செய்த பிளாக் அது. பத்தொன்பது ஓட்டு விழுந்தது.